தலைக்கட்டில் வராதவர்கள்

மார்க்க விளக்கப் பொதுக்கூட்டம் என்று எந்த ஊரில் சுவரொட்டி ஒட்டினாலும் அதன் அமைப்பு ஒன்றுதான். உச்சியில் 'இன்ஷா அல்லாஹ்'. அடுத்து நாள், 'மஃரிப் தொழுகைக்குப் பின்' என்று நேரம், பேச வருகிற மௌலவிகளின் பெயர்கள், அவரவர் ஓதிய மதரஸாவைச் சொல்லும் பட்டங்கள். எல்லாம் முடிந்து தொடர்பு எண்களுக்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'பெண்களுக்குத் தனி இடவசதி செய்யப்பட்டுள்ளது'. அச்சகத்தில் அந்த வரியைப் புதிதாக அடிக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன். போன கூட்டத்தின் கோப்பிலிருந்து அப்படியே வந்துவிடும்.

அந்த வரியை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. ஒரு தலைமுறைக்கு முன் பல ஊர்களில் அதுவும் கிடையாது. 1980களில் தவ்ஹீத் இயக்கம் தமிழ்நாட்டில் கிளம்பியபோது தர்காவைப் பற்றியும் தொழுகை முறையைப் பற்றியும் ஊருக்கு ஊர் சண்டை நடந்தது. ஜமாஅத்துகள் உடைந்தன, ஊர்விலக்கம்கூட நடந்தது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. ஆனால் பெருநாள் தொழுகைக்குத் திடலுக்குப் பெண்களை அழைத்ததும், பள்ளிவாசலில் அவர்களுக்கு ஒரு தளத்தையோ அறையையோ ஒதுக்கியதும் பரவலானது அதற்குப் பிறகுதான். எதிர்த்தவர்களும் பின்னால் அதே ஏற்பாட்டைச் செய்ய வேண்டியதாயிற்று.

இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்துக்கு யாரால் வர முடிகிறது என்பதுதான் மிச்சம்.

ஏற்காட்டை அடுத்த கரடியூர்க் காட்சிமுனையில் நின்றால் மலை சட்டென்று முடிந்துபோய், கீழே சமவெளி வெகுதூரம் விரிந்து கிடப்பது தெரியும். முதுகுக்குப் பின்னால் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் மேல் ஏறிய மிளகுக்கொடி. சேர்வராயன் மலையில் வாழ்கிறவர்களின் பேச்சில் 'கீழே' என்பது ஒரு ஊரின் பெயர் மாதிரி வரும். கல்லூரி கீழே, பெரிய ஆஸ்பத்திரி கீழே, கல்யாணத்துக்குத் துணி எடுப்பது கீழே. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். பயான் என்கிற மார்க்கச் சொற்பொழிவும் கீழேதான்.

ஏற்காட்டில் மசாலாக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் வீட்டுப் பெண் ஒருவரிடம், சேலத்தில் நடக்கும் பெண்கள் கூட்டங்களுக்குப் போவதுண்டா என்று கேட்டேன்.

"போகோணும்னு ஆசைதாங்க. மஃரிபுக்கு மேல வெக்கிறாங்க. இஷா முடிஞ்சு துஆ ஓதி எந்திரிக்கையில மணி ஒம்போதரை. அதுக்கப்புறம் எந்த வண்டியப் புடிச்சு மலை ஏறுறது?"

எந்த நேரம் தோதுப்படும் என்றேன். யோசிக்கவே இல்லை. "காலைல பதினோரு மணிக்கு வெக்கச் சொல்லுங்க, அதும் புதன்கெழமை. டூரிஸ்ட்டு வர மாட்டாங்க, கடையில ஈ காக்கா இருக்காது. பிள்ளைகளும் ஸ்கூலுக்குப் போயிருக்கும்."

கிழமை உட்பட எல்லாமே அவர் கையில் தயாராக இருந்தது. கூட்டம் போடுகிற யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. புகாரி தொகுப்பில் இருப்பது. பெண்கள் சிலர் நபிகளிடம் வந்து, உங்களைச் சுற்றி எப்போதும் ஆண்களே இருக்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கிறார்கள். அவர் ஒரு நாளைக் குறிக்கிறார், அந்த நாளில் வந்து அவர்களுக்குப் போதிக்கிறார். திரையும் தனி அறையும் வேண்டுமென்று அந்தப் பெண்கள் கேட்கவில்லை. கேட்டது நேரம். நம் ஊர் மேடைகளில் பெண்கல்வி பற்றிப் பேச எழுந்தவர் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரியைச் சொல்லாமல் உட்கார மாட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் கராவிய்யீன் பள்ளிவாசலை எழுப்பியவர், அதிலிருந்து பல்கலைக்கழகம் வளர்ந்தது என்று குரல் உயரும். ஆயிஷா நாயகியிடம் ஆண் அறிஞர்கள் பாடம் கேட்டதும் வரும். எல்லாம் சரிதான். அந்த நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று மேடைக்குத் தெரியாது.

அந்தப் பக்கம் நடப்பது இது. பெரும்பாலும் அது பக்கத்து மதரஸாக் கட்டிடத்தின் ஹால், அல்லது மாடி. பாய் விரித்திருக்கும். சுவரில் ஒரு டிவி. மேடையில் பேசுகிறவரின் முகம் அதில் தெரியும், உதட்டசைவுக்கும் குரலுக்கும் ஒரு நொடி இடைவெளி. ஒலிபெருக்கி கரகரக்கும். அதைச் சரிசெய்ய ஓர் ஆண் உள்ளே வர வேண்டும், அவரைக் கூப்பிட ஒரு சிறுவனை அனுப்ப வேண்டும், சிறுவன் போய்விட்டு சர்பத் குடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவான். கைக்குழந்தைக்காரிகள் கதவோரம். பிள்ளை அழுதால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். கேள்வி நேரத்தில் ஆண்கள் மைக்கைப் பிடித்துக் கேட்பார்கள். இங்கிருந்து சீட்டில் எழுதி, பெயர் போடாமல், மடித்துக் கொடுத்தனுப்ப வேண்டும். போன சீட்டுகளில் எதைப் படிப்பது என்று மேடையில் இருப்பவர் முடிவு செய்வார். தலாக்கைப் பற்றிய சீட்டைவிட, நகப்பூச்சோடு உளூ கூடுமா என்ற சீட்டுக்கு வாய்ப்பு அதிகம்.

கேள்வியைக் கேட்டவளுக்கு விடையில் சந்தேகம் வந்தால் மறுகேள்வி கேட்க வழியில்லை. கல்வி என்று நாம் சொல்வதில் பாதி அந்த மறுகேள்வியில்தான் இருக்கிறது.

கடற்கரை ஊர்களில் இதற்கு வேறொரு வழக்கம் இருந்தது. தெருவில் ஒரு வீட்டில் ஓதிக்கொடுக்கிற அம்மா ஒருவர் இருப்பார். சுபுஹு முடிந்ததும் பிள்ளைகள் போய்ச் சுற்றி உட்காரும். அலிஃப், பே தொடங்கி, குர்ஆனை முடிக்கும் வரை அவர்தான். அரிசி புடைத்துக்கொண்டே பிழை திருத்துவார். பெரிய பெண்களும் அடுக்களைப் பின்வாசல் வழியாக வந்து தங்களுக்கு வேண்டியதைக் கேட்டுப் போவார்கள். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. ஓதலும் திக்ரும் ரமலான் தொழுகையும் அங்கே பெண்களின் பொறுப்பில் நடக்கும். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் இந்த வீடுகளில்தான் ஆழ வேரோடியது. பள்ளிக்கூடம் போகாத பெண்கள், குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே இலங்கையிலும் பர்மாவிலும் பினாங்கிலும் இருந்த கணவன்மாருக்குக் கடிதம் எழுதினார்கள். சட்டமும் ஒழுக்கமும் மருத்துவக் குறிப்பும் அந்த எழுத்தில் நூல்களாக அச்சாயின. கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள், தென்காசி ரசூல் பீவி என்று ஞானப்பாடல் எழுதிய பெண்களும் இந்தத் தமிழ்ச் சூழலிலிருந்து வந்தவர்கள்.

இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். ஓதியவர்களில் பெரும்பாலோர் பொருள் தெரியாமலேயே ஓதினார்கள். பெண் புத்தி மாலை போன்ற பாடல்கள் புருஷனுக்கு அடங்கி நடப்பதைத்தான் சொல்லிக்கொடுத்தன. குர்ஆன் முழுமைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் உழைப்பில் வந்து சேர 1940கள் ஆயிற்று. குத்பாவைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத் ஷா எழுதியபோது அவருக்கு வந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. ஓதிக்கொடுக்கிற அம்மாவின் ஏற்பாட்டில் நான் மதிப்பது ஒன்றைத்தான். படிப்பு பெண் இருக்கும் தெருவுக்கு வந்தது, அவளுக்கு ஓய்கிற நேரத்தில் வந்தது, சொல்லிக்கொடுத்தவரும் பெண்ணாக இருந்தார். அதைக் கலைத்துவிட்டுக் கட்டிடமும் மேடையும் சுவரொட்டியும் வந்தபோது பெண்கள் 'பார்வையாளர்' ஆனார்கள்.

தெருவோடு நின்றுபோன படிப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கும் சான்று உண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். 1938இல் அவருடைய 'காதலா கடமையா' நாவல் வந்தபோது உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்தார். பல பத்தாண்டுகள் கழித்தும் கதை பெரிதாக மாறவில்லை. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் சல்மாவுக்குப் பதின்மூன்று வயதில் பள்ளி நின்றது. மளிகைச் சாமான் மடித்து வந்த தாளைப் பிரித்துப் படித்தவர் அவர். ஒளித்து எழுதிய கவிதைகளை அம்மாதான் வெளியே சேர்ப்பித்தார். 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவர், 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2025இல் மாநிலங்களவை உறுப்பினர். இருவரையும் சமுதாய மேடைகளில் சாதனைப் பெண்களாகச் சொல்கிறோம். அவர்களுக்கு உதவிய கல்வித் திட்டம் எதுவும் நம்மிடம் இருக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

காப்பி மலையில் இருந்துகொண்டு பெண்கல்வியை யோசித்த ஒருவர் உண்டு. இலங்கையின் கண்டியில் வழக்கறிஞராக இருந்த எம்.சி. சித்திலெப்பை (1838–1898). 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார், 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார், 1892இல் கொழும்பில் பிறகு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குக் காரணமாக இருந்தார். பலரும் கொழும்போடு நிறுத்திவிடுகிறார்கள். கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு அவர் பள்ளி நடத்தியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிள்ளைகள் கொழும்புக்கு இறங்கி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சேர்வராயன் மலைக்கும் பள்ளிகள் அதே காலத்தில் வந்தன: சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894இல், மான்ட்ஃபோர்ட் 1917இல். ஆனால் அவை வெளியூர்ப் பிள்ளைகள் மலையேறி வந்து தங்கிப் படிக்க எழுந்தவை. கரடியூர் மாதிரியான ஊர்களின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்தக் கேட் அருகில் இருந்தும் தூரமாகவே இருந்தது. கிலோமீட்டரை வைத்துத் தூரத்தை அளப்பது போதாது என்பதற்கு இந்த மலையே சாட்சி.

பக்கத்திலேயே பள்ளி இருந்தும் போய்ச்சேர முடியாத கொடுமையை எழுதிவைத்தவர் வங்கத்து ரொக்கையா சகாவத் ஹுசைன். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு பள்ளியைத் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பர்தாவுக்குப் பங்கமில்லாமல் அழைத்துவருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, காற்றுகூடப் புகாதபடி மூடிய வண்டி ஒன்றைச் செய்தார்கள். உள்ளே இருட்டு, வெக்கை. பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள், பயந்து அலறினார்கள். சரி என்று அடைப்பை நீக்கித் திரைச்சீலை போட்டார்கள். காற்றில் சீலை பறக்கிறது, இது வெட்கக்கேடு, பத்திரிகையில் எழுதி நாறடிப்போம் என்று கடிதங்கள் வந்தன. மார்க்கச் சகோதரன் என்று கையெழுத்திட்ட கடிதங்கள். 1931இல் வந்த அவருடைய 'அவரோத வாசினி'யில் இந்த வண்டியின் கதை இருக்கிறது. அழுகையை அடக்கிக்கொண்டு எழுதிய சிரிப்பு அது. பெண்கல்விக்கு ஏற்பாடு செய்கிற ஒவ்வொரு குழுவும் அதைப் படிக்க வேண்டும். வண்டிக்குத் திரை போடுவதைப் பற்றி எல்லாருக்கும் கருத்து இருந்தது, உள்ளே இருந்த பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று கேட்கத்தான் ஆளில்லை.

தமிழ்நாட்டில் நிலைமை ஒரே இருட்டு என்று சொன்னால் அதுவும் பொய். 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் தொடங்கிய மகளிர் கல்லூரி இன்று அவர் பெயராலேயே நடக்கிறது. 1988இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தது; ஊரை விட்டு மகளை அனுப்ப மாட்டேன் என்ற தகப்பன்மாருக்கு அதன்பின் அந்தச் சாக்கைச் சொல்ல முடியவில்லை. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்களில் 76 விழுக்காட்டினர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எல்லாப் பெண்களையும் சேர்த்த மாநில அளவு 64தான். முஸ்லிம் பிள்ளைகள் மதரஸாவில் மட்டுமே கிடக்கிறார்கள் என்ற பொதுப்பேச்சையும் 2006இல் சச்சார் குழு உடைத்தது: நாடு முழுக்கப் பார்த்தால் பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் அப்படி. எழுத்தறிவைத் தாண்டிய படிகளில்தான் இடறல். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடிந்ததும் வரன் வரும். படித்த பெண்ணுக்கு ஏற்ற படித்த மாப்பிள்ளை கிடைப்பதில்லை என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு நம்மைப் பையன்களிடம் கொண்டுபோய் விடுகிறது.

சமுதாயக் கல்வி பற்றிய தீர்மானங்களில் 'பெண்களும் இளைஞர்களும்' என்று எப்போதும் ஒரே மூச்சில் வரும். இருவருக்கும் என்ன பொருத்தம் என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. இளைஞனின் நிலையைப் பாருங்கள். பன்னிரண்டு வயதோடு ஓதப் போவது நின்றுவிடும், அப்புறம் டியூஷன். பதினேழில் அவனுக்கென்று ஒரு கூட்டம் போடுவார்கள். தலைப்பு பெரும்பாலும் 'இளைஞர்களே எங்கே செல்கிறீர்கள்'. செல்போன், சினிமா, காதல் மூன்றும் ஒன்றரை மணி நேரம் கண்டிக்கப்படும். அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி அடுக்கியது அவன்தான், ஜெனரேட்டர் கொண்டுவந்தது அவன்தான், முடிந்ததும் பந்தல் பிரிப்பதும் அவன்தான். அவனுக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வட்டியில்லாமல் கடை வைப்பது எப்படி, டிஎன்பிஎஸ்சிக்கு எங்கே படிப்பது, தன்னை ஒரு மாதிரி பார்க்கிற ஊரில் வீடு வாடகைக்குக் கேட்பது எப்படி, மனசு சரியில்லாதபோது யாரிடம் போவது. இதே பையன்கள்தான் 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களில் இடுப்பளவு நீரில் நின்றார்கள். கொரோனா காலத்தில் சொந்த உறவே கிட்ட வராத உடல்களை, எந்த மதத்தவர் என்று பாராமல், தமுமுக போன்ற அமைப்புகளின் தொண்டர்களாக அடக்கம் செய்தார்கள். பிணத்தை ஒப்படைக்கலாம், பாடத்திட்டத்தை ஒப்படைக்கக் கூடாதா?

பொருத்தம் ஜமாஅத்துப் பதிவேட்டில் இருக்கிறது. நம் மஹல்லாக்களில் கணக்கு தலைக்கட்டு கணக்கு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அவன் பெயரில் சந்தா, அவனுக்குப் பொதுக்குழுவில் இடம், நிர்வாகத் தேர்வில் கை தூக்கும் உரிமை. பல ஊர்களில் கல்யாணமாகாத மகன், எவ்வளவு சம்பாதித்தாலும், தகப்பனின் தலைக்கட்டுக்குள் அடக்கம். மனைவி, மகள், தாய் என்றைக்கும் அடக்கம். விதவையிடம் சந்தா வாங்குகிற ஊரிலும் பொதுக்குழு அழைப்பு அவர் வீட்டுக்குப் போவது அபூர்வம். பெண்ணையும் இளைஞனையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து வைப்பது இதுதான்: இருவருமே எண்ணிக்கையில் வராதவர்கள். வகுப்பு எத்தனை மணிக்கு, யார் பேசுவது, என்ன தலைப்பு, எவ்வளவு செலவு என்று முடிவெடுக்கிற அறையில் இருவருமே இல்லை. மலைமேல் கடையில் இருக்கும் அந்தப் பெண்ணின் புதன்கிழமை பதினோரு மணி அந்த அறைக்கு எப்படிப் போய்ச்சேரும்?

புதுக்கோட்டையில் டி. ஷரீஃபா கானம் இதைத்தான் பிடித்தார். ஸ்டெப்ஸ் என்ற பெண்கள் அமைப்பை நடத்திவந்தவரிடம் வந்து குவிந்தவை தலாக், சீர், அடி உதை வழக்குகள். பெண்ணைப் பற்றிய பஞ்சாயத்து பள்ளிவாசலில் நடக்கிறது, அந்தப் பெண்ணோ உள்ளே போய்த் தன் பக்கத்தைச் சொல்ல முடியாது என்றார். 2003, 2004 வாக்கில் முஸ்லிம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தைக் கூட்டினார், பெண்களுக்கென்று பள்ளிவாசல் கட்டுவோம் என்றார். பள்ளிவாசல் பேச்சு உலகப் பத்திரிகைகள் வரை போயிற்று, உள்ளூரில் ஏச்சாகத் திரும்பி வந்தது. தனிப் பள்ளிவாசல் தேவையா என்பதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. பெண்கள் ஜமாஅத்தாகக் கூடி முடிவெடுக்கலாம் என்று அவர் காட்டியதில் இரண்டு மனம் இல்லை. இருபது ஆண்டு ஆகியும் பெரிய ஜமாஅத்துகள் அதற்கு விடை சொல்லவில்லை. பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுத்தார்கள்.

இதற்கிடையில் பெண்களும் பையன்களும் காத்திருக்கவில்லை. கொரோனா ஊரடங்கில் பழகிய வாட்ஸ்அப் வகுப்பு அப்புறமும் நிற்கவில்லை. ஆலிமா படித்த பெண்கள் தங்கள் வீட்டிலிருந்து குரல் பதிவில் தஜ்வீத் திருத்துகிறார்கள், ஃபிக்ஹு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். கேட்கிறவர் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்கலாம், பிடிபடவில்லை என்றால் திரும்ப ஓடவிடலாம், இரவு பன்னிரண்டு மணிக்கு மறுகேள்வி அனுப்பலாம். ஓதிக்கொடுக்கிற அம்மாவின் வீடு வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது என்றே சொல்வேன். இது மலைக்கும் ஏறும், சிக்னல் கிடைக்கிற இடங்களில். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்கிற ஆலிமாக்களில் பலர் கூலி இல்லாமல் செய்கிறார்கள். ஆண் பேச்சாளருக்குக் காரும் கவரும் கொடுக்கிற ஜமாஅத்தின் வரவுசெலவில் இவர்கள் கிடையாது.

ஆகவே நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு ஒரு கூட்டம் குறைவாகப் போடுங்கள். அந்தக் காசில் உங்கள் மஹல்லாவில் ஓதிக்கொடுக்கும் பெண்களுக்குச் சம்பளம் நிர்ணயியுங்கள். பதிவேட்டைப் புதிதாக எழுதுங்கள்; பதினெட்டு நிரம்பிய ஆண், பெண் ஒவ்வொருவர் பெயரும் தனி வரியில் வரட்டும், சந்தா ஆளுக்குப் பத்து ரூபாயாக இருந்தாலும் போதும். கல்விக்குழுவில் பாதி இடத்தைப் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கொடுத்து, தலைப்பையும் நேரத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள். மார்க்கம் இதைத் தடுக்கவில்லை. தடுப்பது ஊர் வழக்கம்; அதை மாற்ற எந்த ஃபத்வாவும் வேண்டாம், ஒரு பொதுக்குழுத் தீர்மானம் போதும்.